இயந்திரப் பனியில் நின்ற அக்கா

சில வருடங்களுக்கு முன், ஒரு மார்கழித் தொடக்கத்தில் நடந்தது இது. ஜேர்மனியின் மலைப்பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நாங்கள் இருக்கிறோம். ஊருக்கு மேலே பனிச்சறுக்கு மலை. அதன் அடிவாரத்தில் உள்ள ஹொட்டேலில் காலைச் சாப்பாடு என் பொறுப்பு. கோப்பி ஊற்றுவது, முட்டை அவிப்பது, மேசை துடைப்பது எல்லாம் நான்தான். மார்கழி நெருங்கினால் எங்கள் ஊரில் யாரும் நேரே பார்த்து நடப்பதில்லை. எல்லோருடைய கண்ணும் வானத்தில் இருக்கும். பனி விழுந்தால்தான் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால்தான் எங்களுக்கு வேலை.

அந்த வருடம் ஊரில் எல்லோரையும் விட பனிக்காகத் தவித்தது நான்தான். இலங்கையில், மன்னாரில் இருந்து அக்கா வந்திருந்தார்.

எனக்குப் பத்தொன்பது வயதில் நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். அதற்குப் பிறகு அக்காவை ஒரே ஒருதரம்தான் நேரில் பார்த்தேன், எங்களைப் பெற்ற ஐயாவின் செத்தவீட்டில். அந்த நேரம் ஆற அமர இருந்து கதைக்க எங்களுக்கு வாய்க்கவில்லை. அக்கா பள்ளிக்கூட வேலையில் இருந்து இளைப்பாறிய பிறகுதான் ஜேர்மனிக்கு வர விசா கிடைத்தது. எந்த மாதம் வர விருப்பம் என்று கேட்டேன். "பனி கொட்டுற மாதம் வாறன்" என்றார். கோடையில் வந்தால் சுற்றிப் பார்க்கலாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. சரி, பனி பார்க்க ஆசைப்படுகிறார் என்று நானும் நினைத்துக்கொண்டேன். வருடா வருடம் நான் அனுப்பிய படங்களில் எங்கள் வீட்டுக் கூரை வெள்ளையாய்த்தானே இருந்தது.

வந்து பார்த்தால் மலை முழுக்கப் பச்சை. மழை தூறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் வெயிலும் அடித்தது, பக்கத்து வீட்டுக்காரர் வெளியில் கதிரை போட்டுக் கோப்பி குடித்தார். அக்கா ஜன்னலடியில் நின்று அதைப் பார்த்துவிட்டு, "இது எங்கட நுவரெலியா மலை மாதிரியெல்லே கிடக்கு" என்றார். குரலில் ஒரு ஏமாற்றம். கிறிஸ்மஸ் விளக்குகள் போட்ட நத்தார்ச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கு" என்பார். காலையில் எழும்பினதும் முதல் வேலையாக ஜன்னல் திரையை விலக்குவார். பிறகு பேசாமல் தேத்தண்ணி போட வருவார்.

மலையில் சறுக்குப் பாதை திறக்கும் நாளையும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஹொட்டேலில் பதிந்தவர்கள் ஒவ்வொருவராக வரவில்லை என்று அறிவித்தார்கள். முதலாளி அம்மாவின் முகத்தில் சிரிப்பே இல்லை.

மலையில் செயற்கைப் பனி அடிக்கிற இயந்திரங்களைப் பார்க்கிற ஒருவர் இருந்தார். காலையில் எங்களிடம் கோப்பி குடிக்க வருவார். அதிகம் பேசமாட்டார். வணக்கம், நன்றி, அவ்வளவுதான். ஒருநாள் நானாகவே அவரிடம் போய், எப்போது இயந்திரத்தைப் போடுவீர்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினார். குளிர் மட்டும் இருந்தால் போதாது, காற்றும் காய்ந்திருக்கவேண்டும், இந்த ஈரத்தில் போட்டால் மேலே போகிற தண்ணீர் மழையாகத்தான் திரும்பி வரும் என்றார். பிறகு, நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்றார். அக்காவைப் பற்றிச் சொன்னேன். எத்தனை வருடம் கழித்து வந்திருக்கிறார், எப்போது திரும்பிப் போகிறார் என்று சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. அவர் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். தேவையில்லாமல் வாயைக் கொடுத்துவிட்டேனே என்று எனக்கு வெட்கமாய்ப் போனது.

அக்கா புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, ஹொட்டேலில் காலைச் சாப்பாடு முடிகிற நேரம், அந்த இயந்திரக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அன்று கோப்பி கேட்கவில்லை. "மேலே இயந்திரத்தைப் போட்டுவிட்டோம். உங்கள் அக்காவைக் கூட்டி வாருங்கள். மத்தியானத்துக்குப் பிறகு காற்று இப்படியே காய்ந்திருக்குமோ தெரியாது" என்றார். முதலாளி அம்மா நான் வாய் திறக்கும் முன்னமே என் கையில் இருந்த துணியை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடினேன். அக்கா சோறு வடித்துக்கொண்டு நின்றார். இருக்கிற உடுப்பையெல்லாம் மேலுக்கு மேல் போட்டுவிட்டு, என் கணவரின் தடித்த கோட்டையும் மாட்டி, வெளியில் காத்துநின்ற இயந்திரக்காரரின் ஜீப்பில் ஏற்றினேன். போகிற வழியில் விளக்கம் சொன்னேன். மலையில் குளம் வெட்டி வைத்திருக்கிறார்கள், அந்தத் தண்ணீரைக் காற்றோடு சேர்த்து அடிக்க அது பனியாகிறது, அந்த இயந்திரத்துக்கு இங்கே பனிப் பீரங்கி என்று பெயர் என்றேன்.

"பீரங்கியோ?" என்று அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பேர்தான் அக்கா."

"ம். குளத்துத் தண்ணியில வயல்தான் செய்யிறது. இவை பனி செய்யினம்" என்றார். அந்த நாட்களில் அவர் முதல்முதல் சிரித்தது அப்போதுதான்.

மேலே மழை விட்டு வானம் வெளித்திருந்தது. காற்று முகத்தைச் சீவியது. சரிவு முழுக்க மண்ணும் பழுத்த புல்லும். நடுவில் மட்டும் சுண்ணாம்பைக் கொட்டினது போல வெள்ளைக் குவியல்கள். இயந்திரங்கள் காது அடைக்கிற இரைச்சலோடு வெண்புகையைக் கக்கிக்கொண்டு நின்றன. இயந்திரக்காரர் எங்களுக்குக் காது மூடிகள் தந்தார். தன் கோட்டுக் கையை நீட்டி, விழுகிற துகள் துணியில் பட்டுத் தெறிக்கிறதா, நனைக்கிறதா என்று பார்த்தார். தெறித்தது, காய்ந்த பனிதான். தலையாட்டிவிட்டு, எங்கே நிற்கவேண்டும் என்று கையால் காட்டினார்.

அக்கா போய் நின்றார். மேலேயிருந்து சீனி தூவுவது போலப் பனி விழுந்தது. தலைமுடியில், புருவத்தில், தோளில் எல்லாம் படிந்தது. நான் படம் எடுக்க ஃபோனைத் தூக்கினேன். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மெதுவாகக் கோட்டின் ஸிப்பைத் திறந்தார். கையுறையையும் கழற்றினார்.

நான் ஓடிப்போய்க் கோட்டைப் பிடித்தேன். "என்னக்கா செய்யிறீங்கள்? வருத்தம் வந்திடும்."

"கொஞ்சம் இரு" என்றார். உதடு நடுங்கியது. காது மூடியை ஒரு பக்கம் விலக்கிவிட்டு என் காதுக்குள் கேட்டார். "நீ வந்த புதுசில அகதி காம்பில இருந்து போன் எடுத்து அழுதாய். குளிருது அக்கா, குளிருது அக்கா எண்டு. இதுதானோ அந்தக் குளிர்?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நானே மறந்துபோன ஒரு அழைப்பு அது.

அக்கா சொல்லிக்கொண்டு போனார். "நான் வவுனியாவில போன் கடையில நிண்டு கேட்டனான். எனக்குப் பின்னால சனம் வரிசையில நிக்குது. எனக்கு வேர்த்து ஊத்துது. குளிரெண்டால் என்னெண்டு எனக்குத் தெரியாது, உனக்கு என்ன சொல்லி ஆத்துறதெண்டும் தெரியேல்லை. சுவெட்டரைப் போடு, சுவெட்டரைப் போடு எண்டு மட்டும் சொன்னனான். அண்டையில இருந்து இது என்ர நெஞ்சுக்குள்ள கிடந்தது."

அவர் வந்தது பனி பார்க்க இல்லை. நான் தனியாக நின்ற இடத்தில் தானும் ஒருதரம் நிற்க வந்திருக்கிறார்.

நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். "குளிர் மட்டும் இல்லை அக்கா" என்றேன். அன்று ஃபோனில் சொல்ல முடியாமல் போனதை, தனிமை என்று சொல்லத் தெரியாமல் குளிர் என்று சொன்னதை, சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிக்க அவர் விடவில்லை.

"தெரியும். குளிருக்கு அழுற பிள்ளை இல்லை நீ" என்றார்.

இயந்திரக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குழாயைப் பார்ப்பது போல நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, தன் ஃபிளாஸ்கில் இருந்து தேநீர் ஊற்றி அக்காவின் கையில் கொடுத்தார். எங்கள் மொழி ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது.  மத்தியானம் காற்றில் ஈரம் ஏறியதும் இயந்திரங்களை நிறுத்தினார்கள்.

அக்கா புறப்பட்டுப் போனார். விமான நிலையத்தில் இரண்டு பேரும் அழவில்லை. அவர் போய்ப் பல நாட்களின் பின், ஒரு காலையில் உண்மையான பனி கொட்டியது. ஊரே வெளியில் வந்து நின்று சந்தோசப்பட்டது. நான் ஹொட்டேல் வாசலில் நின்று பார்த்தேன். அக்கா நின்றுவிட்டுப் போன இடத்தை அந்தப் பனி மூடிவிடும் என்று எனக்குள் ஏதோ பதறியது.

நான் இங்கே குளிரில் கிடந்த அதே வருடங்களில், அக்கா அங்கே போரில், குண்டு விழுகிற செல்லடிக்குள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து திரிந்தார். அதைப் பற்றி அவராக எதுவும் சொன்னதில்லை. இப்போது ஒவ்வொரு மார்கழியிலும், மலையில் இயந்திரச் சத்தம் தொடங்கும்போது, அவர் ஒதுங்கிய மரத்தடிகளில், அவர் என்னை நினைத்துக்கொண்டு நின்ற அந்த வெயிலில், ஒருநாள் அவரோடு நானும் போய் நிற்கவேண்டும் என்ற ஏக்கம் எனக்குள் கூடிக்கொண்டே போகிறது.