போனில் ஒரு தலையாட்டல்

நெய்வேலியில் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் நான் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தேன். படம் வரைந்து முடித்த பிள்ளையிடம் "காட்டு" என்றால், தாளைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு தூக்கிப் பிடிக்கும். எனக்குத் தெரிவது வெறும் பின்பக்கம். திருப்பச் சொன்னால் முறைக்கும். தனக்குத் தெரிகிற யானை டீச்சருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும் என்பது அதன் நியாயம். கண்ணாமூச்சி ஆடினால், இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அறை நடுவிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒளிந்துகொண்டார்களாம். நானும் காணோம் காணோம் என்று தேடுவேன். அந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

என் மகளுக்கும் அப்போது நான்கு வயது. அவள் அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட். எங்களுக்குள் சண்டை முற்றி, அவராகவே கேட்டு வடக்கே ஒரு சுரங்கத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் மகளும் மட்டும் குவார்ட்டர்ஸில் இருந்தோம். முதல் மாதம் அழுதேன். அப்புறம் அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. டிபன் கட்டுவது, மகளை ஸ்கூட்டியில் முன்னால் நிற்க வைத்துப் பள்ளிக்குப் போவது, வந்து துணி துவைப்பது எல்லாம் கை பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. யாராவது என்னைக் கிள்ளியிருந்தால்கூட அரை நிமிடம் கழித்துத்தான் வலித்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவர் போன் வரும். மகளிடம் மட்டும் பேசுவார். எங்களிடம் இருந்தது பழைய பட்டன் போன். "இந்த ரிப்பன் நல்லாருக்காப்பா?" என்று இவள் தலையைச் சாய்த்துப் போனுக்குக் காட்டுவாள். "எந்த ரிப்பன்?" என்பார். "இதுதாம்பா" என்று இன்னும் கிட்டக் கொண்டுபோவாள். "சிவப்பு ரிப்பன்" என்று நான் குரல் கொடுப்பேன். அந்த அளவுக்கு நல்லவளாகத்தான் இருந்தேன்.

அங்கேயே தொடர்வதா, திரும்பி வருவதா என்று அவர் ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. முந்தின வாரமே என்னிடம் சொல்லிவிட்டார். "பாப்பா கூப்பிட்டா வரேன். உனக்காக வர மாட்டேன்."

அந்த ஞாயிறு மகளுக்குத் தயிர் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் தரையில் கிடந்தது.

"பாப்பா, அப்பா அங்கயே வந்துடட்டுமா?"

வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டுத் தலையாட்டினாள்.

"பாப்பா? அப்பா வரட்டுமாடா?"

இன்னும் வேகமாக ஆட்டினாள். பின்னல் இரண்டும் குதித்தன.

"அப்பா பேசுறது கேக்குதா?"

அதற்கும் தலையாட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

தலையாட்டுறா. ஒரே ஒரு சொல். ரிப்பனுக்குச் சொன்ன நான் இதற்குச் சொல்லவில்லை. பழிவாங்கினேன் என்று சொல்ல முடியாது. அதற்காவது உள்ளே கொஞ்சம் சூடு வேண்டும். வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அடுத்த கவளத்தை உருட்டினேன். "சரி" என்றார் அவர். போன் கட் ஆனது.

மகள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். "எங்கப்பா வராரு. நான் சரின்னு சொல்லிட்டேன்." குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து பால் கொண்டுவரும் அம்மா என்னிடம் கேட்டார். "பாப்பா கேட்டாண்டயே நின்னுக்கினு இருக்குதே, அவுங்கப்பா என்னைக்குங்க வராரு?" லீவு கிடைக்கவில்லை என்றேன். மகள் சில வாரம் வாசல் கேட்டில் நின்று பார்த்தாள். பிறகு போன் வந்தால் கிட்டேயே வரவில்லை. "அப்பா பொய் சொல்றாரு" என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அவள் ஒன்றாம் வகுப்புக்கு வந்த பிறகு, ஒரு லீவுக்கு என் தம்பியின் மூன்று வயது மகளை எங்களிடம் விட்டுப்போனார்கள். மறுநாள் காலையில் தம்பி மனைவி போன் செய்து, சாப்பிட்டாயா என்று குழந்தையைக் கேட்டாள். குழந்தை தலையாட்டியது. என் மகள் வெடுக்கென்று போனைப் பிடுங்கினாள். "அத்தை, அவ சாப்பிட்டேன்னு தலையாட்டுறா" என்றாள். பிறகு குழந்தையிடம், "ஏய், தலையாட்டினா அங்க தெரியாதுடி, வாயால சொல்லணும்" என்றாள்.

சொன்னவள் போனைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அம்மா, அன்னைக்கு நான் தலையாட்டினது அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காது."

எத்தனையோ நாள் கழித்து எனக்கு ஏதோ ஒன்று வலித்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ பக்கத்துலதானம்மா இருந்த?"