தொண்ணூறா, ஒன்பதா?

கண் மருத்துவமனையின் பதிவறையில் பதினோரு வருடமாகக் கணினியைக் கவனித்துக்கொள்பவர் அவர். எல்லோருக்கும் ‘பரபரப்பு அக்கா’. நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால், என்டர் அழுத்துமுன் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார்.

அன்று படிக்கவில்லை. பல்வலி உயிரை எடுத்தது. தொண்ணூறு நாளுக்கு முந்தைய ஸ்கேன் படங்களை அழிக்கும் கட்டளை அது. பழைய படங்களுக்கு வேறிடத்தில் நகல் உண்டு. புதியவற்றுக்கு இன்னும் எடுக்கவில்லை. கூட்டம் குறைந்தபின், ஒன்றரை மணிக்கு ஓடட்டும் என்று கட்டளையைக் காத்திருக்க வைத்துவிட்டுப் பல் மருத்துவரிடம் ஓடினார்.

ஊசி போட்டு வாயில் பஞ்சை அடைத்தபோதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. தொண்ணூறுக்குப் பூஜ்யம் போட்டேனா? வெறும் ஒன்பதென்றால் நகல் இல்லாத படங்களும் போய்விடுமே. மணி ஒன்று இருபது.

கையை உயர்த்தினார்.

“வலிக்குதாம்மா?” என்றார் பல் மருத்துவர்.

இல்லையென்று தலையாட்டி, பஞ்சைத் துப்பிவிட்டுப் பதிவறைக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். மூன்றாம் முறை எடுத்தது, தரை துடைக்க வந்த பெண்.

“யாருங்க? ஒண்ணும் புரியலையே!”

உதடு மரத்துச் சொற்கள் கொழகொழத்தன. “நான்தான்... பரபரப்பு.”

“ஐயோ அக்கா! குரலுக்கு என்னாச்சு?”

“அத விடு. கறுப்புத் திரையில ஒரு சின்னக் கோடு இருக்கும். பக்கத்துல என்ன நம்பர்?”

“கோடு... ஒன்பது.”

“அப்புறம்?”

“ஒண்ணுமில்லக்கா, காலியா இருக்கு. கீழ ஒரு நம்பர் குறைஞ்சுக்கிட்டே வருது. நூத்தி நாப்பது... முப்பத்தொன்பது...”

“கீபோர்டுல இடதுபக்கக் கீழ் மூலைப் பட்டனை அமுக்கிப் பிடி. விடாம, சி-யத் தட்டு.”

“சி-ன்னா பிறை மாதிரி இருக்குமே, அதுவா?”

“அதேதான்!”

டக்கென்று ஒரு சத்தம்.

“நின்னுடுச்சுக்கா.”

பல்லை அப்படியே விட்டுவிட்டு, கோணிய வாயோடு நேரே தலைமை மருத்துவர் முன் போய் நின்றார்.

“எண்பத்தொரு நாள் படம் போயிருக்கும் சார். தப்பு என்னோடது.”

“போகலையே.”

“தரை துடைக்கிற பொண்ணு அந்த நேரம் வரலைன்னா?”

தலைமை மருத்துவர், “புதுப் படத்துக்கு ஏன் நகல் இல்ல?” என்று கேட்டார். படங்களை உடனுக்குடன் நகலெடுத்து வைக்க மூன்று வருடமாக அக்கா கேட்டுக்கொண்டிருந்த இயந்திரம் அந்த வாரமே வந்து இறங்கியது.

அக்கா நிம்மதியாகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அதற்கும் ஒரு நகல் வேண்டுமே என்று இப்போது தலைமை மருத்துவர் அறைக்கு மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.