இடது பக்கம் இழுத்த சைக்கிள்கள்

என் சித்தப்பா ஒரு வருஷம் முழுக்க சைக்கிள் வாங்கினார், கடைசிவரை வாங்கவில்லை. இப்படிச் சொன்னால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது சிரிக்க வாயெடுத்துப் பாதியில் நிறுத்திக்கொள்வார்கள்.

அப்பாவின் தம்பி அவர். நாற்பது வயது, வங்கியில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் எங்களோடுதான் இருந்தார். கூட வேலை பார்த்தவர் ஒருவர் வற்புறுத்திக் கூப்பிட, ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் ஊர் சுற்றும் திருச்சிக் கும்பல் ஒன்றோடு முக்கொம்பு வரை போனார். எல்லோரும் கியர் சைக்கிளில் பறக்க, இவர் மட்டும் காலேஜ் நாளில் வாங்கிய பச்சை சைக்கிளை மிதித்துக்கொண்டு கடைசியாகப் போய்ச் சேர்ந்தாராம். ஆனாலும் திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு களை. தளிகை ஆகி இலை போடுவதற்குள் அந்தக் கதையை மூன்று பேரிடம் சொல்லிவிட்டார். புது சைக்கிள் வாங்கப் போவதாக அறிவித்துவிட்டு என் பக்கம் திரும்பி, அது வந்த அன்றைக்கே பச்சை சைக்கிள் உனக்கு என்றார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. தோழிகளெல்லாம் ஸ்கூலுக்கு சைக்கிளில் போக, நான் மட்டும் புத்தக மூட்டையோடு நடந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து சித்தப்பாவின் சைக்கிள் விவகாரம் என் சொந்த விவகாரமாயிற்று. அவர் சீக்கிரம் வாங்கித் தொலைக்க வேண்டுமே என்று பெருமாளைச் சேவிக்கும்போதுகூட வேண்டிக்கொண்டேன். தாயார் சந்நிதியில் தனியாக ஒருமுறை நினைவுபடுத்தினேன்.

தில்லைநகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் நல்ல மனுஷர். சனிக்கிழமை மாலை எடுத்துப் போய், ஓட்டிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை கொண்டுவரலாம் என்று சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் புதிதாக எது வந்தாலும், அது ஸ்கூட்டரானாலும் மாட்டுப்பெண்ணானாலும், முதலில் கோயிலை ஒரு சுற்று வலம் வந்தாக வேண்டும். சித்தப்பாவும் கொண்டுவந்த சைக்கிளை, ஞாயிறு விடியற்காலையில் நாலு சித்திரை வீதியிலும் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் காவிரிப் பாலம் தாண்டுவார். நான் பல் தேய்த்தும் தேய்க்காமலும் வாசலில் காத்திருப்பேன்.

முதல் சைக்கிள் சாம்பல் நிறம். சுற்றி வந்து இறங்கியவர், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இடது பக்கம் இழுக்கிறது என்றார். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றிக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் இழுத்தது. அடுத்து தடி டயர் வைத்த ஒன்று; அதுவும் இழுத்தது. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரோடு ஒல்லியாக ஒன்று வந்தது. அதைப் பார்த்ததும் வாங்கிவிடுவார் என்று நான் நிச்சயமாக நம்பினேன். அது மற்றதைவிட அதிகமாக இழுக்கிறதாம்.

சித்தப்பாவுக்குக் குறை சொல்வது கூடப் பிறந்த குணம் என்று வீட்டில் எல்லோருக்கும் எண்ணம். ரசத்தில் பெருங்காயம் ஒரு துளி தூக்கலாக இருந்தாலும் கண்டுபிடிப்பார். பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் ஏதாவது ஒரு நொட்டை சொல்லிவிட்டு வந்தவர். அம்மாவுக்குக் கேட்க வேண்டுமா?

"பொண்ணுக்குத்தான் ஜாதகம் சேரலை, சைக்கிளுக்குமா சேரலை?" என்பாள்.

"இல்லை மன்னி, நிஜமாவே இழுக்கறது" என்பார் அவர், சிரித்துக்கொண்டே.

பெருமாள் வலது கைப்பக்கம் இருக்கிறார், இவன் சைக்கிள் இடது பக்கம் போகிறது, நாஸ்திக சைக்கிள் என்று அப்பா தன் பங்குக்குச் சொல்வார். பிறகு அப்பாவே அதற்கு விஞ்ஞானமும் கண்டுபிடித்தார். கோயிலைச் சுற்றும்போது திருப்பமெல்லாம் வலது கைப்பக்கம். அப்படியே ஓட்டி ஓட்டிக் கை பழகிவிட்டால், நேராகப் போகிறபோது இடது பக்கம் இழுக்கிற மாதிரிதான் தோன்றும். கேட்பதற்கு இது மிகவும் நியாயமாக இருந்தது. சித்தப்பாகூடத் தலையாட்டினார். நெடுஞ்சாலையில் இதைச் சோதிக்கவும் வழியில்லை; அங்கே எல்லோரும் போவதே இடது ஓரமாகத்தான்.

கடைக்காரர் மட்டும் ஒருநாள், நானும் கூடப் போயிருந்தபோது, ரொம்ப சாதாரணமாக ஒன்று சொன்னார். "ஒரே ஒரு தடவை எதிர்ப்பக்கமா சுத்திப் பாருங்க சார். அப்பவும் இடது பக்கமே இழுத்தா, கை பழக்கம் இல்லைன்னு தெரிஞ்சிடும்."

பெருமாளை இடப்பக்கம் வைத்துக்கொண்டு சுற்றுவதா? அபசாரம் என்று சித்தப்பா காதைப் பொத்தாத குறை. வீட்டில் வந்து சொன்னபோது அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உறையூர்க்காரரான அந்தக் கடைக்காரருக்கு நம் ஊர் வழக்கம் எங்கே தெரியப்போகிறது என்று அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டோம்.

இதற்காக அவர் வருத்தப்பட்டுக்கொண்டு திரிந்தார் என்று நினைக்கக் கூடாது. அந்த வருஷம் மாதிரி அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. கல்லணைக்குப் போனார், சமயபுரம் போனார். ஒருமுறை தொட்டியம் வரை போய், ஹேண்டில்பாரின் வலது முனையில் ஒரு சீப்பு பூவன் பழத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். எதற்கு இதைச் சுமந்துகொண்டு வருகிறாய் என்று அப்பா கேட்டதற்கு, வலது பக்கம் கனம் இருந்தால் நேராகப் போகிறது என்றார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தப் பழத்தை நானே பாதி தின்றேன்.

மார்கழியில்தான் தெருவில் பேச்சு வந்தது. வாசலுக்கு வாசல் பெரிய பெரிய கோலங்கள். அவர் ஒரு சுற்று வந்தால், இடது கைப்பக்கத்து வீட்டுக் கோலங்களின் மேல் டயர் தடம் விழுந்துவிடும். பக்கத்து வீட்டு மாமி நேரில் வந்து அம்மாவிடம் முறையிட்டுவிட்டுப் போனாள். மடக்கு சைக்கிள் ஒன்று வந்திருந்த வாரம் அது. சீட்டை இறக்கினால் எனக்குக் கால் எட்டும் என்பதால் நானும் அதை ஓட்டிப் பார்த்தேன். ஒரு கோலத்தையும் மிதிக்காமல் மூலைவரை போய் வந்து, இது இழுக்கவே இல்லை, இதையே வாங்குங்கள் என்று கெஞ்சினேன். உன் எடைக்கு அது தெரியாது என்று சொல்லிவிட்டார்.

இப்போது நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. மனுஷர் ஒரு வருஷமாக வாரா வாரம், வாய் விட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் சைக்கிளைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

பங்குனியில் வங்கியில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் இடது கை டம்ளர் நழுவ அப்படியே சாய்ந்துவிட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் வலது பக்கம் கட்டி, ரொம்ப நாளாகவே வளர்ந்திருக்கிறது என்றார்கள். அதனால்தான் இடது பக்கம் பலம் குறைந்துகொண்டே வந்திருக்கிறதாம். முன்னால் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று டாக்டர் கேட்டபோது அப்பா, "ஒண்ணுமே இல்லை சார், நன்னா சைக்கிள் ஓட்டிண்டிருந்தான்" என்றார். அம்மாவும் ஆமாம் என்றாள். அந்தப் புரட்டாசியில் சித்தப்பா எங்களை விட்டு ஆசார்யன் திருவடி சேர்ந்தார்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரி இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று.

சித்தப்பா புது சைக்கிள் ஆசையை விட்டுவிட்டதாகச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பச்சை சைக்கிளின் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். வெறுமனே கொடுக்கவில்லை. இதுவும் இப்போது கொஞ்ச நாளாக இழுக்க ஆரம்பித்துவிட்டது, பழசாகிவிட்டது இல்லையா, ஜாக்கிரதையாக ஓட்டு என்று சொல்லித்தான் கொடுத்தார்.

நான் நாலு சித்திரை வீதியும் சுற்றினேன். எங்கே இழுக்கப் போகிறதோ என்று ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தபடியே தெற்கு வீதி முழுக்கப் போனேன். ஒன்றும் ஆகவில்லை. மேலச் சித்திரை வீதியில் பிடியைத் தளர்த்தினேன். வடக்கு வீதியில் பயந்து பயந்து ஒரு கையை எடுத்துப் பார்த்தேன். சைக்கிள் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

வாசலிலேயே நின்றிருந்தார். இறங்கின கையோடு, மூச்சு வாங்க அவரிடம் சொன்னேன்:

"சித்தப்பா, இது இழுக்கவே இல்லை. ஒரு கையை விட்டாக்கூட நேராத்தான் போறது."

அவர் சைக்கிளைப் பார்த்தார். பிறகு தன் இடது கையை மெதுவாக விரித்து மடக்கி, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியா? சரி, நீ நன்னா ஓட்டு" என்றார்.

சைக்கிள் ரிப்பேர் இல்லை என்று தெரிந்ததும் திரும்பக் கேட்டுவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம். கேட்பதற்குள் ஏறி மிதித்துவிட்டேன்.