முந்திரிக் கொட்டகைப் பேய்

“கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள், முற்றுப்புள்ளி” என்று சொல்லிவிட்டு, வளர்மதி வறுத்த முந்திரிக்கொட்டை ஒன்றைக் கல்லில் நிறுத்தி மரக்கட்டையால் தட்டுகிறார். ஓடு பிளந்து பருப்பு முழுசாக வந்து விழுகிறது.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் டவுன் பஸ்ஸில் உடையார்பாளையம் தாண்டி இறங்கினால் முந்திரி உடைக்கும் அந்தத் தகரக் கொட்டகை. கொட்டை ஓட்டின் பால் பட்டு அங்கே எல்லார் விரல்களும் கருத்திருக்கும். அந்த விரலோடு தொட்டால் போன் பாழ். அதனால் வளர்மதி தன் பேய் நாவலை எழுதவில்லை, சொல்கிறார். காதில் ஹெட்போன், தூக்குவாளியில் சாய்த்து வைத்த போன். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் அந்தப் போன், ‘முற்றுப்புள்ளி’யையும் வார்த்தையாகவே எழுதிவைக்கும். வீட்டுக்குப் போனதும் மகள் பிரவீணா அதையெல்லாம் அழித்துத் தருவாள்.

கதை இதுதான். தண்ணீர் நிறைந்த பழைய சுண்ணாம்புக்கல் குழியில் ஒருத்தி போனோடு மூழ்கிப் போகிறாள். கருமாதி முடிந்த மறுநாள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவள் எண்ணிலிருந்து லொகேஷன் வருகிறது. குழியில்தான் காட்டுகிறது. அடுத்த நாள் குழிக்கு மேலே ரோட்டில். அதற்கடுத்த நாள் தெருமுனையில்.

அச்சுப் போட ஒப்புக்கொண்ட திருச்சிப் பதிப்பாளர், கதையை ஒரு மலைப் பங்களாவுக்கு மாற்றச் சொல்லிப் பார்த்தார். “மலையிலதான் பேய் இருக்கணும்னு சட்டமா சார்? எங்கூருப் பேய் எங்கூருலதான் இருக்கும்” என்று சொல்லிவிட்டார் வளர்மதி. இதைக் கேட்டபோது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. நானும் இந்த ஊர்க்காரன்தானே!

ஒவ்வொரு அத்தியாயத்தையும் உடன் வேலை செய்பவர்களுக்குச் சொல்லிக் கொட்டகையிலேயே பரீட்சை. உடைத்தெடுத்த முழுப்பருப்பின் எடைக்குத்தான் கூலி. கை நின்றால் கூலியும் நின்றது. கூலியை மறந்து கை நிற்கிறதென்றால் அத்தியாயம் பாஸ். எல்லார் கையும் நின்றுவிடும், ரத்தினம்மாள் கையைத் தவிர. சுடுகாட்டு வழியாகத் தனியாகச் சுள்ளி பொறுக்கப் போகிறவர் அவர். “எம்மருமவளயே பாத்துட்டேன், பேயிக்கா பயப்படப் போறேன்?” என்பார். அவரை அசைக்காமல் கடைசி அத்தியாயத்தை அனுப்புவதில்லை என்று வளர்மதிக்கு வீம்பு. திங்கட்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் புத்தகத் திருவிழாவுக்கு நாவல் வராது.

கதை கேட்க நான் கொட்டகைக்குப் போயிருந்தது சனிக்கிழமை. வளர்மதி கடைசி அத்தியாயத்தைச் சொன்னார். லொகேஷன் இப்போது வீட்டையே காட்டுகிறது. வீட்டார் கதவைத் தாழிட்டு விடிய விடியக் காத்திருக்கிறார்கள். “யாரும் உள்ளே வரவில்லை. வரவேண்டியது முதல் நாளே வந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தது.”

கொட்டகையே அடங்கிப் போனது. ரத்தினம்மாளின் கட்டை மட்டும் ‘டொக், டொக்’ என்று நிற்காமல் அடித்தது. வளர்மதியின் முகம் விழுந்துவிட்டது. “வுடுங்க சார். அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றார். சொல்லும்போதே கண் கலங்கியது. ரத்தினம்மாள் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

சாயங்காலம் எடை போடும் செல்லக்கண்ணு ரத்தினம்மாளின் கூடையை எடுத்தவர், தராசில் வைக்காமல் அப்படியே நின்றார்.

“என்னக்கா இது, பூராவும் உடைசலா கெடக்கு? ஒங்க கூடையில ஒரு உடைசல் நான் பாத்ததில்லயே!”

முழுப்பருப்பு ஒன்றிரண்டுகூட இல்லை. எல்லாம் நொறுங்கிப் போயிருந்தது.  எப்போதும் முதல் ஆளாகத் தனியே கிளம்பிப் போகிற ரத்தினம்மாள், வெயில் இன்னும் இறங்காத அந்த நேரத்தில் வளர்மதி பக்கத்தில் வந்து நின்று அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏ வளரு, எங்கூட வூடு வரைக்கும் வந்துட்டுப் போயேன். நீ மொதல்ல உள்ள போயி அடுப்படிய ஒருதரம் பாத்துச் சொல்லு.”

 வளர்மதி கை கழுவக்கூட இல்லை. தூக்குவாளியில் சாய்ந்திருந்த போனை எடுத்து, அந்தக் கருத்த விரலாலேயே தொட்டு, கடைசி அத்தியாயத்தைத் திருச்சிக்கு அனுப்பினார்.