சுடலைமுத்துவின் மோவாய்

போன வாரம் தென்காசி ஸ்டேஷனில் செங்கோட்டை ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது அல்லவா... பிளாட்பாரம் கொள்ளாத கூட்டம். அதை விலக்கிக்கொண்டு வந்த ஒருவர், "நீங்கதான ஒட்டு டாக்டரு?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவது போல மனிதத் தோலுக்கு ஒட்டுக் கட்டுகிறவன் என்பதால் இந்தப் பக்கத்தில் எனக்கு அப்படி ஒரு பெயர்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாராம். பெண்ணுக்கு மூக்கு கொஞ்சம் சப்பையாம். ஆவணி முகூர்த்தத்துக்குள் எடுப்பாக்கித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். பிறகு எதற்காகப் பட்டாளத்தில் போய் ஒன்றரை வருஷம் படித்தீர்கள் என்றார்.

நியாயமான கேள்விதானே? அதற்குள் ரயில் வந்துவிட்டது. அங்கே சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன்.

யுத்த காலத்தில் நான் ராணுவ டாக்டர். பர்மா எல்லையில் முகம் சிதைந்தவர்களையும் தீயில் வெந்தவர்களையும் சீர்செய்ய, வடக்கே ஓர் ஆஸ்பத்திரியில் தனி வார்டு திறந்தார்கள். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆறு டாக்டர்களை அனுப்பினார்கள். அதில் நானும் ஒருவன். அதற்கு முன்பே எட்டு வருஷம் கத்தி பிடித்தவன் நான் — கர்வம் இல்லாமல் இருக்குமா?

எங்களுக்குத் தலைவர் ஒரு வெள்ளைக்கார மேஜர். என்னைவிட இரண்டு வயது இளையவர். முதல் மாதம் கத்தியைத் தொடவே விடவில்லை. துணியை வெட்டி, மடக்கி, திருப்பித் தைக்கச் சொன்னார். நோயாளிகளின் முகங்களைப் பென்சிலால் வரையச் சொன்னார். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டோம்.

இரண்டாம் மாதம் சுடலைமுத்துவை என்னிடம் ஒப்படைத்தார். காரணம், பாஷை. அவர் சுந்தரபாண்டியபுரத்துச் சிப்பாய், நான் தென்காசிக்காரன். அவருக்கு வயது இருபத்தாறு. குண்டு சிதறியதில் கீழ் உதடும் மோவாயும் போயிருந்தன. எதைக் குடித்தாலும் மார்பில் வழியும். அதனால் கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. பேசினால் பாதிதான் புரியும். அந்தப் பாதியும் அந்த வார்டில் எனக்கு மட்டும்தான் புரிந்தது.

அவருக்கு எழுதத் தெரியாது. மனைவி பேச்சியம்மாளுக்கு அவர் சார்பில் நான்தான் கடிதம் எழுதுவேன். முகத்தில் சின்னக் காயம், ஆறி வருகிறது என்று எழுதச் சொல்வார். எழுதினேன். எட்டுக் கடிதம், எட்டிலும் அதே சின்னக் காயம்.

சிகிச்சை எப்படி என்று கேட்பீர்கள். வயிற்றுத் தோலில் ஒரு பட்டையை இரு முனையும் அறாமல் கிளப்பி, குழாய் போலச் சுருட்டித் தைக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து ஒரு முனையை எடுத்து மணிக்கட்டில் ஒட்ட வேண்டும். அங்கே ரத்தம் ஓடத் தொடங்கியதும் மறுமுனையை வயிற்றிலிருந்து விடுவித்து, கையைத் தூக்கி, மோவாயில் ஒட்ட வேண்டும். கை அசையாதபடி தலையோடு சேர்த்து மாவுக்கட்டு. ஒட்டுக்கன்று பிடிக்கிற வரை தாய்மரத்திலிருந்து அறுக்கமாட்டார்கள் அல்லவா? அதே கதைதான்.

மேஜர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். நிறத்தைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் தோல் வெளுக்கும். விட்டதும் ரத்தம் திரும்ப வேண்டும். நீலம் தட்டினால் ரத்தம் தேங்குகிறது என்று அர்த்தம் — உடனே என்னைக் கூப்பிடுங்கள்.

மோவாயில் ஒட்டிய நாலாம் நாள் மதியம் பார்த்தேன். குழாயின் நடுவில் லேசாக நீலம். மாவுக்கட்டு ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. மேஜர் அடுத்த வார்டில்தான் இருந்தார். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் வேறொரு கட்டுக்காக எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டியிருந்தார். மறுபடி போய் நிற்பதா? ஜன்னல் வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்...

சாயங்காலம் மேஜரே வந்து பார்த்தார். கட்டை வெட்டினார், நாலு தையலை அறுத்துவிட்டார். பலனில்லை. இரண்டு நாளில் தோல் கறுத்துவிட்டது. மூன்று மாத உழைப்பை வெட்டி எறிந்தோம்.

யாருடைய உழைப்பு? என்னுடையதா? கற்றுக்கொள்கிறவனின் பிழை எப்போதும் வேறொருவர் தலையில்தான் விடிகிறது. தச்சன் பிழை செய்தால் கதவு போகும். நாங்கள் செய்தால்?

சுடலைமுத்துவின் கட்டிலருகே போய் உள்ளதைச் சொன்னேன். மதியமே பார்த்துவிட்டேன், சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஐந்து நாள் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. என்னை வேறு வார்டுக்கு மாற்றுவதாக மேஜர் சொன்னார். சரி என்றேன். உள்ளூர அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விடைபெறப் போனபோதுதான் சுடலைமுத்து வாயைத் திறந்தார்.

"அடுத்த வாட்டி யாரு பாப்பாக, சார்?"

வேறொரு டாக்டர் வருவார், கெட்டிக்காரர் என்றேன்.

"அவுக அந்த நீலத்தப் பாத்திருக்காகளா?"

இல்லை என்றேன்.

"நீங்க பாத்திருக்கீக. நீங்களே இருங்க."

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு ஒரு மோவாய் வேண்டும். அதற்கு அந்த நிறத்தை இனி மறக்கவே முடியாத ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

மேஜரிடம் போய் நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். வயிற்றின் மறுபக்கத்திலிருந்து திரும்பத் தொடங்கினோம். மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். அழுத்தினேன், விட்டேன், காத்திருந்தேன். ஒரு நாள் மறுபடியும் நீலம் தட்டியது. மேஜர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு இழுத்து வந்தேன். தையலைத் தளர்த்தினார். இந்தத் தடவை பிழைத்தது.

அழகான மோவாய் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் தடிப்பு. நிறமும் வேறு. ஆனால் ஒரு நாள் காலையில் ஒரு லோட்டாக் கஞ்சியைத் துண்டு இல்லாமல் குடித்து முடித்தார். சட்டையில் ஒரு சொட்டு இல்லை. வார்டே பார்த்துக்கொண்டிருந்தது.

யுத்தம் முடிந்து இருவரும் ஒரே ரயிலில் ஊர் திரும்பினோம். விருதுநகர் தாண்டியதும் துண்டால் வாயை மூடிக் கட்டிக்கொண்டார். கடையநல்லூர் வந்தபோது, தென்காசியில் இறங்க வேண்டாம், செங்கோட்டைக்குப் போய்விடுவோம் என்றார். எட்டுக் கடிதத்தில் எழுதிய பொய் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்று தலையாட்டினார். தென்காசியில் கையைப் பிடித்து இறக்கினேன்.

பேச்சியம்மாள் வந்திருந்தார். கணவரின் துண்டைத் தானே அவிழ்த்தார். வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது எந்தத் தோலு, ஐயா?"

வயிற்றுத் தோல் என்றேன்.

"இவுக வயிறா?"

ஆமாம் என்றேன்.

"அப்பச் சரி. எல்லாம் இவுகதான."

துண்டை மடித்துத் தன் கூடைக்குள் வைத்துக்கொண்டார். இருவரும் ஸ்டேஷனை விட்டு வெளியே நடந்தார்கள். சுடலைமுத்துவின் முகத்தை வழியில் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். அவர் நிற்கவில்லை.

பயிற்சியை முடித்ததற்கு எனக்கு ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். மேஜரின் கையெழுத்து இருக்கிறது, சர்க்கார் முத்திரை இருக்கிறது...

சுடலைமுத்துவின் கைநாட்டுக்கும் ஓரமாக ஓர் இடம் விட்டிருக்கலாம்.