வேலாயுதம் அண்ணன் மூடிவைத்த வால்வு

பக்கத்து வீட்டு பிலோமினா, கடைக்கார நிமல் தம்பி, என் மகன் ராஜன், அவன் தோளில் என் பேத்தி, நான். வேலாயுதம் அண்ணன் பொரளை ஆஸ்பத்திரியில் முடிந்துபோனார் என்று செய்தி வந்தபோது எங்கள் பொதுப் பைப்படியில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான். பிறகு ஒருவரும் தான் அங்கே நிற்கவில்லை என்று சொல்லக் கூடாது.

பிலோமினா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. வீட்டுக்குள் ஓடிச் சாமித் தட்டின் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். அங்கே வைத்திருந்த வால்வின் கைப்பிடி இல்லை.

அது என்னவென்று அவரோடு பழகிய உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று அவருடைய மகள் கேட்டாள். நான் இதைத்தான் எழுதுவேன்.

கொட்டாஞ்சேனைச் சந்தியில் எங்கள் வீட்டு வரிசைக்கு முன்னால் நிற்கிற அலங்கார நீரூற்றைப் பராமரிக்கும் வேலைக்கு அவர் வந்த வருசம், எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றோட்டம். கை கழுவுவதில்லை என்று எங்களைத்தான் ஏசினார்கள். ஏசியவர்களின் முகம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம். அண்ணன் மட்டும் ஏசவில்லை. வாசலில் வந்து நின்று, "அக்கா, மஞ்சள் இருக்குதா?" என்றார்.

"எவ்வளவு?"

"இருக்கிறதெல்லாம் தாங்க."

ஆடி மாதத்துக்கு வைத்திருந்த ஒரு டின் மஞ்சள். ஊற்றுத் தொட்டியின் அடியில் ஒரு குழாய் வாய் இருக்கிறது. அதனருகே முழுவதையும் கொட்டிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. மத்தியானம் தண்ணீரின் வேகம் குறைந்ததும் எங்கள் பைப் இரண்டு தரம் இருமியது. பிறகு மஞ்சளாக வந்தது.

தொட்டிக்கும் எங்களுக்கும் ஒரே குழாய். வேகம் குறைந்தால் காகம் குளித்த தண்ணீரை எங்கள் பைப் உறிஞ்சும். அன்றைக்கே நடுவிலிருந்த வால்வை இறுக்கி மூடி, கைப்பிடியைக் கழற்றி என் கையில் தந்தார். "குடிக்கிற தண்ணியும் பார்க்கிற தண்ணியும் சேரக் கூடாது அக்கா. யார் கேட்டாலும் குடுக்காதீங்க." மஞ்சளைத் திருப்பித் தரவேயில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊற்றுக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுக் கூடப் போகவில்லை. மார்க்கட் கூரையில் விழும் மழையைத் தகரப் பீலி வைத்துத் தொட்டிக்கு இறக்கினார். ஏறி விழுகிற தண்ணீரே திரும்பவும் ஏறும். பின்நேரம் கடல்காற்று எழும்பினால் ஊற்றை முழங்கால் உயரத்துக்குக் குறைத்துவிடுவார். "காத்துக்குக் குடிக்கக் குடுக்க நான் வரல்ல" என்பார். தொட்டிச் சுவரில் மூன்றாவது கல்லுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் நிறுத்திவிடுவார். ஒருமுறை பெரிய ஆட்கள் வருகிற நாளிலும் நிறுத்தினார். வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் வந்து கத்தினார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "சேர், ஊத்து நின்டா ஒருத்தரும் சாக மாட்டாங்க" என்றார். பைப்படியில் நின்ற நாங்கள் சிரித்தோம். ஓவசியர் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு சந்திக்குப் புதுக் கல் பதித்தார்கள். திறப்பு விழாவுக்கு மழை இல்லை. ஆனாலும் ஊற்று தென்னை உயரத்துக்கு எழும்பியது. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். எங்கேயிருந்து தண்ணீர் என்று நானும் கேட்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

செத்தவீட்டுக்கு ஓவசியரும் வந்திருந்தார். கைப்பிடி எங்கே என்று கேட்டேன். "உங்கட வீட்டில இருந்துதானே அம்மா தந்தது" என்றார், என் பக்கத்தில் நின்றவனைப் பார்க்காமலே.

எட்டாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஒரு டின் மஞ்சள் வாங்கி அதே குழாய் வாயருகே கொட்டினேன். பாதி சேலையில் போனது. மத்தியானம் பைப்படியில் குந்தினேன். வரக் கூடாது, வரக் கூடாது என்று பிலோமினா கும்பிடுகிற அந்தோனியாரையும் சேர்த்துக் கூப்பிட்டேன். பைப் இரண்டு தரம் இருமியது. டம்ளரில் மஞ்சள். அந்தப் பைப்பில் பிடித்த தண்ணீரில்தான் என் பேத்திக்குப் பால் கரைக்கிறோம்.

வால்வு இன்னும் திறந்தே கிடக்கிறது. சந்தியில் இருக்கிறவர்களே, காய்ச்சாமல் ஒரு வாய் குடிக்காதீர்கள்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு காலி டின்னும், பைப் இருமினால் நெஞ்சு திடுக்கிடுவதும். மஞ்சளை அவருக்கு மன்னித்துவிட்டேன். ஓவசியருக்கு அவர் விழாதான் பெரிசு, அவரையும் விடுகிறேன். நிரந்தர வேலை தருகிறேன் என்று ஓவசியர் சொன்ன ஒரு சொல்லுக்காகச் சாமித் தட்டில் கை வைத்துக் கைப்பிடியை எடுத்துக் கொடுத்தவனை மன்னிக்க மாட்டேன். அவன் பெயர் ராஜன். நான் பெற்ற பிள்ளை.