அண்ணரின் சுவரில் இருந்த கார்கள்

எங்கள் அண்ணர் கோப்பாயில், நாங்கள் இன்றும் இருக்கும் இதே வளவில் பிறந்தவர். அவருக்குப் பின் நான் ஒருவன்தான். ஐயா வேளைக்கே காலமாகிவிட்டதால் அண்ணர் படிப்பை நிறுத்திக் கொழும்புக்குப் போய், கார்ச் சாமான் விற்கும் கடையொன்றில் வேலைக்கு நின்றார். நான் ஐந்தாம் வகுப்புடன் தோட்டத்தில் இறங்கினேன். நாலு பேர் முன்னால் கதைக்கக் கூச்சப்படுகிறவன் நான். அண்ணரின் நினைவு மலருக்காக அண்ணி கேட்டதால் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எண்பத்து மூன்று கலவரத்தில் அண்ணர் அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினார். உடுத்த உடுப்பைத் தவிர அவரிடம் இருந்தது நீளமான ஒரு கடதாசிச் சுருள் மட்டும். அறையை விட்டு ஓடும்போது கையில் எடுத்தது அதுதானாம். அம்மா அதை விறாந்தையில் விரித்துப் பார்த்தார். எல்லாம் வெள்ளைக்காரர் காலத்துப் பந்தயக் கார்களின் பெரிய வர்ணப் படங்கள். கடைக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவையும், அண்ணர் நடைபாதைகளில் தேடி வாங்கியவையும். அந்தக் கார்களுக்குக் கூரை இல்லை, சில்லை மூடும் மட்காட் இல்லை. சில்லுகள் வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. பின்னால் புகையும் புழுதியும். அம்மா அவற்றைக் கொழும்பில் எரித்த கார்கள் என்றே நினைத்துவிட்டார்.

“உதுகளை ஏன் தம்பி கொண்டந்தனீ?”

“உது எரிஞ்சதில்லையம்மா. பந்தயக் கார். உப்பிடித்தான் செய்யிறவை.”

அம்மா நம்பவில்லை. கண்மூடும் வரை, அண்ணர் அவற்றை மாட்டிய சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பார். கொழும்பில் கண்டதைப் பற்றி அண்ணர் ஒருநாளும் கதைத்ததில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிறகு அவர் பழைய ஏ-40 கார் ஒன்றை வாங்கி, சந்தியில் நின்று வாடகைக்கு ஓட்டினார். அண்ணியைக் கைப்பிடித்தார். பிள்ளைகள் இல்லை. படங்களுக்கு ஆணி அடிக்காமல், மேலும் கீழும் மெல்லிய சட்டம் கொடுத்து நூலில் தொங்கவிட்டிருந்தார். வந்தவர்கள் பார்க்கலாம், தொடக் கூடாது. எந்தக் கார் எந்த நாட்டில் ஓடியது என்று கேட்டவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லுவார்.

ஆனால் அவர் தன் காரை வேகமாக ஓட்டியதை ஒருவரும் கண்டதில்லை. சைக்கிள்காரர் முந்திப் போவார்கள். சந்தியில் நின்ற மற்றச் சாரதிமார் அவரை விடமாட்டார்கள். சுவரிலே பறக்கிற கார், றோட்டிலே மாட்டுவண்டி என்று பகிடி பண்ணுவார்கள். அண்ணர் கோபிக்க மாட்டார்.

“வேகம் சுவரிலை கிடக்கட்டும். பின் சீற்றிலை பிள்ளைத்தாச்சி கிடக்கிறாள்” என்பார்.

இந்தப் பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகள் பிறக்க முன் அந்தக் காரில் ஏறியவர்கள்.

சண்டையால் ஊருக்குப் பெற்றோல் வராமல் விட்ட பிறகு கார் மண்ணெண்ணெயில் ஓடியது. தொடக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும். அதுவும் கிடைக்காத ஒரு வருடம் காரைக் கல்லில் ஏற்றி வைத்திருந்தார். அந்த வருடம் ஆயுத பூசைக்கு அவர் காருக்குப் பொட்டு வைக்கவில்லை. சந்தனக் கிண்ணத்துடன் உள்ளே போய், சுவரில் இருந்த கார்களுக்கு ஒவ்வொன்றாக வைத்தார். நாங்கள் சிரித்தோம். ஓடுகிற காருக்குத்தானே வைக்கிறது என்றார். அவர் சிரிக்கவில்லை.

நெஞ்சுநோ வந்த அன்று அவரை அவருடைய காரிலேயே யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனோம். சந்தியில் பகிடி பண்ணிய நண்பர் ஒருவர்தான் ஓட்டினார். நான் பின்னால் அண்ணரைத் தாங்கிக்கொண்டிருந்தேன். நண்பர் விரைவாக ஓட்டினார்.

“மெல்லப் போகச் சொல்லு. எங்களை ஒருத்தரும் துரத்தேல்லை” என்று அண்ணர் என்னிடம் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் அவர் காலமானார். எனக்கு அன்றும் கண்ணீர் வரவில்லை, இன்றும் வரவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறேன். சாப்பிடுகிறேன்.

இந்த மலரை அச்சடிக்கப் போனபோது, உள் பக்கங்களுக்குக் கொப்பிக் கடதாசி இருக்கிறது, அட்டைக்குத் தடித்த தாள் எங்கும் இல்லை என்று அச்சகத்தார் சொன்னார்கள். அட்டை இல்லாமல் விடுவோம் என்று வந்து அண்ணியிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தார். அந்தப் படங்கள் தடித்த தாள், பின்பக்கம் வெறுமை என்றார்.

“அண்ணை ஒருத்தரையும் தொட விடேல்லையே அண்ணி.”

“ஓம், என்னையுந்தான் விடேல்லை. நாளைக்கு ஊரை விட்டு எழும்பி ஓட வந்தால், நீங்கள் உங்கடை பிள்ளையளைத் தூக்குவியளோ, உதுகளைத் தூக்குவியளோ? ஊரெல்லாம் வீடு வீடாய்க் கிடந்தால் ஒரு துண்டெண்டாலும் தப்பும் தம்பி.”

படங்களைக் கழற்றிச் சுருட்டினேன். சுவரில் அவை இருந்த இடங்கள் மட்டும் வெள்ளையாக இருக்கின்றன.

ஆசுப்பத்திரியில் பார்த்த வைத்தியருக்கும் தாதிமாருக்கும், காரை ஓட்டிய நண்பருக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டு வந்த அயலவருக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை கூட நின்ற உறவினருக்கும் அண்ணியும் நானும் நன்றி சொல்கிறோம்.

சுருளை நாளை அச்சகத்துக்குக் கொண்டு போவேன். அங்கே அதை அட்டைகளாக வெட்டுவார்கள். அட்டையின் உட்பக்கத்தில் உங்களில் ஒருவருக்குச் சில்லு வரலாம், ஒருவருக்குச் சாரதியின் தொப்பி வரலாம், ஒருவருக்கு வெறும் றோட்டு வரலாம். யாருக்கு எது என்று பார்த்துக் கொடுக்க எங்களால் முடியாது. எழும்பிப் போக வேண்டி வந்தால் இந்த மலர் பாரமில்லை. எடுத்துச் செல்லுங்கள்.